ஐந்தாவது கியரும் அப்பாவின் காதும்

மூலத்தோப்பு, ஸ்ரீரங்கம்
ஆவணி 9, திங்கள்

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். ரங்கநாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ரஞ்சித்தும் அந்த டுனிடின் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை, நீ அனுப்பும் படங்களில் எல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாய், படத்தில் யார்தான் இருமுவார்கள். பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் தனிப் பார்சலாகப் போட்டிருக்கிறேன், வந்து சேர்ந்தால் ஒரு வார்த்தை சொல். இந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை, நான் படியில் இறங்காமல் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்துவிட்டேன். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை, பழகிவிட்டது. அப்பாவுக்குக் காலையும் சாயங்காலமும் நேரம் தவறாமல் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறேன். போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார். இன்னொன்றும் சொன்னார், இது ரத்தத்தில் வரக்கூடியதாம். நீ வயசாகட்டும் என்று காத்திருக்காமல் இந்த மாதமே கண் அழுத்தம் பார்த்துவிட்டு எனக்கு எழுது, பார்த்தேன் என்று சும்மா சொல்லாதே, சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை உன்னிடம் முழுதாகச் சொல்லி முடித்த நாள் எது என்று யோசித்துப் பார். பாதி சொல்லும்போதே நீ தீர்ப்புச் சொல்லிவிடுவாய். ஸ்பீக்கரில் போட்டால் அப்பா கேட்டுக்கொண்டிருப்பார், போடாவிட்டால் அம்மாவுக்கும் பொண்ணுக்கும் அப்படி என்ன ரகசியம் என்பார். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் உட்கார்ந்துவிட்டேன். முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். நம் பழைய மோரிஸ் மைனர் காரை நான் விற்கவில்லை. கோயம்புத்தூர்க்காரருக்குப் போய்விட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன், அது என் தப்புதான். வண்டி வாசலில் நிற்கிறது. அதன் நடுத்தரையை அறுத்து, பழைய கியர் பாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வேனுடைய ஐந்து கியர் பாக்ஸை மாட்டியிருக்கிறேன். அதை ஓட்டுவதும் நான்தான். இப்போது ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

டிசம்பரில் நடந்ததை அன்றைக்கு உனக்குப் பாதிதான் சொன்னோம். கியர் உடைந்தது என்று ஒரு நாள் சொன்னோம், அப்பாவுக்குக் கண் சரியில்லை என்று இன்னொரு நாள் சொன்னோம். இரண்டும் ஒரே சமாச்சாரம். அந்த வண்டியில் சக்கரம் முழுதாக நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும் என்பது உனக்கே தெரியும், உருளும்போது போட்டால் பல்லோடு பல் மோதும். பொன்மலையில் அந்த ரிட்டயரான டிரைவரிடம் வண்டியை வாங்கிய நாளிலிருந்து அப்பா ஒரு தடவைகூட அந்தக் கியரைக் கத்தவிட்டது கிடையாது. அன்றைக்குக் காவிரிப் பாலத்தில் வந்துகொண்டிருக்கும்போது இடது பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் முன்னால் நுழைந்தது, அதில் பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரிகிறது, அப்பாவுக்குத் தெரியவில்லை. நேரே மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்னால் ஹாரன் அடிக்கிற அவசரத்தில், வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முதல் கியரைத் தள்ளிவிட்டார். கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும் இறங்கி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். மறுவாரம் கண் ஆஸ்பத்திரியில், இரண்டு பக்கப் பார்வையும் எப்போதோ போய்விட்டது, நேரே இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிகிறது, இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் லைசென்ஸை எடுத்துப் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தார். "வண்டிக்கும் எனக்கும் ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு ஆனந்தி, வித்துரு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாசல் கேட்டைத் தாண்டவே இல்லை. மாதம் ஒரு தடவை டாக்டரிடம் போக டாக்ஸி வரும், அதில் ஏறுவார், இறங்குவார், அவ்வளவுதான். கோயிலுக்கு வாருங்கள் என்றால் கூட்டத்தில் யார் மேலேயாவது இடிப்பேன் என்பார். ரயில்வே பென்ஷன்காரர்கள் கூடுகிற டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள், தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. எட்டு மாதம், யாழினி. நீ போன் செய்யும்போது மட்டும் நல்லா இருக்கேன்மா என்று குரலை ஏற்றிக்கொண்டு பேசுவார், வைத்ததும் இறங்கிவிடும். உன் மேல் குறை சொல்லவில்லை, எனக்கு இருந்த பயத்தை நானும் உன்னிடம் சொல்லவில்லை. கண் முழுதாகப் போவதற்கு முன்னால் மனுஷர் போய்விடுவாரோ என்று பயந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லாததால்தான் எழுத முடிகிறது.

நீ கொடுத்த கோயம்புத்தூர் எண்ணுக்குப் பேசத்தான் செய்தேன். நல்ல மனுஷர், மரியாதையாகப் பேசினார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "எல்லாம் ஒரிஜினல் தானுங்களே, எதையும் மாத்தலையே?" கியர் உடைந்திருந்தாலும் பரவாயில்லையாம், ஓடாவிட்டாலும் பரவாயில்லையாம், அவரிடம் இதுபோல் ஒன்பது வண்டி இருக்கிறதாம், கண்ணாடி போட்ட ஷெட்டில் நிறுத்தித் துடைத்து வைப்பாராம். போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தேன். உள்ளே திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவரும் குளித்து, திருநீறு பூசி, துடைத்து வைத்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. டாக்ஸியில் ஏற்றினால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி. இந்த வண்டியில் ஏறினால்தான் அவர் எங்கேயோ போகிற மனுஷர். அப்படியானால் இது ஓடியாக வேண்டும், ஓட்ட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நானாகத்தான் இருக்க முடியும் என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன்.

பால்பண்ணைப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் நஸ்ருல்லா பாயை உனக்கு நினைவிருக்கும், நீ காலேஜ் போன காலத்தில் வண்டிக்குப் பிரேக் வேலை பார்த்தவர். வந்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "இதுக்குப் பழைய கியர் எங்கேயும் கிடைக்காதும்மா, கிடைச்சாலும் அதுவும் இதே வயசுதான்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, ஐந்து கியர் வேன் பாக்ஸ் ஒன்று நல்ல நிலையில் தன்னிடம் இருக்கிறது, அதில் ஓடிக்கொண்டே முதல் கியர் போடலாம், கையும் காலும் நோகாது, மேலே ஒரு கியர் கூடுதலாக இருப்பதால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தாது என்று விவரமாகச் சொன்னார். ஆனால் நடுத்தரையை அறுக்க வேண்டும், அறுத்துவிட்டால் பிறகு ஒரிஜினல் என்று யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் ஐயா ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார். நான் உள்ளே போய்க் கேட்டேன். "என்னமோ பண்ணு, அது இனிமே என் வண்டி இல்ல" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கோபத்தில் சொன்னதுதான், எனக்குத் தெரியாதா. ஆனாலும் நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஐயா சரி சொல்லிட்டாரு பாய் என்றேன்.

இனி என் பிரதாபத்தைக் கொஞ்சம் கேள். துவாக்குடி கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள் சும்மா உட்கார்ந்திருப்பேனா. எஞ்சினும் கியர் பாக்ஸும் வேறு வேறு ஊர்க்காரர்கள், போல்ட் துளை ஒன்றோடொன்று சேராது, நடுவில் கனமான ஒரு இரும்புத் தட்டு செய்து இரண்டையும் சேர்க்க வேண்டும். அரியமங்கலத்தில் ஒரு லேத்தில் அதைக் கடைந்து கொண்டுவந்தார் பாய். ரிட்டயரானபோது எனக்குப் பரிசாகக் கொடுத்தார்களே, முடியளவு விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ், அதை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு போய் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். மையம் கால் மில்லிமீட்டர் விலகியிருந்தது. பழக்கதோஷம், பையில் கை விட்டுச் சிவப்புப் பெயின்ட் பேனாவை எடுத்துத் தட்டின் மேல் குறுக்கே, இது தேறாது என்று ஒரு கோடு போட்டுவிட்டேன். ஷெட்டில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, இது காரு, ராக்கெட் இல்ல. நம்ம ஊர் ரோட்டுல ஒரு குழியில இறங்கி ஏறினா உங்க கால் மில்லி எங்க போச்சுன்னே தெரியாது" என்றார். குழி வெளியே இருக்கு பாய், இது உள்ளே சுத்துறது, ரெண்டே மாசத்துல பேரிங் கத்தும், அப்ப நீங்கதான் வந்து கேக்கணும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று நாள் போனே இல்லை. நான்காம் நாள் அவரே கூப்பிட்டு, வேறு தட்டு கடைந்தாகிவிட்டது, வந்து அளந்து பாருங்கள் என்றார். போய் வைத்தேன், கேஜின் முள் நகரவே இல்லை. அதற்குப் பிறகு எதைச் செய்தாலும், கிளட்ச் பிளேட்டோ, நீளம் குறைத்த ஷாஃப்டோ, பாக்ஸைத் தாங்கும் பட்டையோ, மாட்டுவதற்கு முன்னால் மேஜையில் வைத்துவிட்டு அம்மா அளக்கட்டும் என்று காத்திருந்தார். அந்த வண்டியில் நான் அளக்காமல் உள்ளே போன பொருள் ஒன்றுமில்லை என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தத் திமிருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதே சமயம் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். உறையூரில் லூர்துராணி என்று ஒரு பெண், உன்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள், பெண்களுக்கு மட்டும் கார் கற்றுக்கொடுக்கிறாள். முதல் நாள் என் வயதைக் கேட்டுவிட்டு அவள் ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கையில் கொடுத்தாள், அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஒரு வாரம் கழித்துச் சொன்னாள், "அம்மா, மத்தவங்க பயந்தா பிரேக்கை மிதிப்பாங்க, நீங்க பயந்தா ஆக்சிலேட்டரை மிதிக்கிறீங்க, அதை மட்டும் மாத்திக்கோங்க." மாற்றிக்கொண்டேன், முதல் தடவையிலேயே டெஸ்டும் பாஸ் ஆகிவிட்டேன், நீ இரண்டாம் தடவைதான் பாஸ் செய்தாய் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் காலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறோம், அவர் பார்ப்பதில்லை, கேட்பதோடு சரி. எனக்குத் தெரியாமலே என் இடது கால் தரையை அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. திரும்பாமலே சொன்னார், "கிளட்ச்ச முழுசா அமுக்கு, பாதி அமுக்கினா பிளேட் தேஞ்சு போகும்." மூன்று வாரமாக என் செருப்புச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது, நடந்துவிட்டு வருகிறவள் இவ்வளவு வேகமாகப் படியேற மாட்டாள் என்று. மறுநாளும் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஆடி பிறந்த கையோடு வண்டி வீட்டுக்கு வந்தது. லூர்துராணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஸ்ரீரங்கத்துத் தெருக்களிலும் திருவானைக்காவல் வரைக்கும் ஓட்டிப் பழகினேன். அப்பா எட்டியும் பார்க்கவில்லை. அவரை ஏற்றினால்தான் நான் செய்ததற்கெல்லாம் அர்த்தம், இல்லாவிட்டால் நல்ல வண்டியை அறுத்துக் கெடுத்த பைத்தியக்காரி என்று நீயே சொல்வாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பார்த்தேன், தலைவலி, வயிற்றுவலி, வெயில். நான்காவது ஞாயிற்றுக்கிழமை முசிறியிலிருந்து பவுனம்மாள் அத்தை போன் செய்தாள். அவளுக்குத்தான் தம்பி என்ற மரியாதையெல்லாம் கிடையாதே. "வீரமலை, நீ உயிரோட இருக்கியா இல்லையான்னு கேக்கத்தான் போட்டேன், எட்டு மாசமா அக்கா வீடு எந்தத் திசைன்னு மறந்துருச்சா" என்று போட்டுத் தாக்கினாள். அவர் போனை வைத்தார். அரை மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நிற்கிறார். வண்டியைத் தடவிக்கொண்டே போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷமும் நான் உட்கார்ந்த இடம் அது. குனிந்து, தரையில் அறுத்து ஒட்டிய இடத்தில் விரலை வைத்து ஓரம் முழுக்க ஓட்டிப் பார்த்தார். "வெல்டிங் சுத்தமா இருக்கு" என்றார். அது எனக்குப் போதும் என்று வண்டியை எடுத்தேன்.

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் வந்ததும் கூட்டம். வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகிறது, முதல் கியர் போட்டாக வேண்டும். அவர் உடம்பு விறைத்துக்கொண்டதை நான் பார்க்காமலே உணர்ந்தேன், கை தானாக நடுவில் வந்துவிட்டது. நான் உருண்டுகொண்டிருக்கும்போதே முதல் கியரைப் போட்டேன், வெண்ணெய் மாதிரி விழுந்தது. போட்டியா என்று கேட்டார், போட்டாச்சுங்க என்றேன், சத்தமே இல்லையே என்றார், இருக்காது என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "அன்னிக்குப் பாலத்துல இது இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார். நான் முடிக்கவிடவில்லை. பாலத்துல தப்பு கியர்ல இல்லங்க, கண்ணுல, அது யார் தப்பும் இல்ல, அந்தக் குழந்தை நல்லா இருக்கு, நாமளும் நல்லா இருக்கோம் என்று சொன்னேன். எட்டு மாதமாக எனக்குச் சொல்ல வராத வார்த்தை, ஸ்டீயரிங் கையில் இருந்ததால் வந்துவிட்டது.

நொச்சியம் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது, இடது பக்கம் வாழைத் தோட்டங்கள், காற்று நன்றாக வந்தது. ஐந்தாவது கியரைப் போட்டேன். எஞ்சின் சத்தம் அப்படியே அடங்கியது, பழைய கியரில் இந்த வேகத்துக்கு அது போட்ட சத்தம் உனக்கு நினைவிருக்கும், பின் சீட்டில் உட்கார்ந்து நீ காதைப் பொத்திக்கொள்வாய். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று, "மெதுவாப் போ, அம்பத்தஞ்சுல போற" என்றார். நான் மீட்டரைப் பார்த்தேன். மைல் கணக்கு மீட்டர் என்று நீ ஆறாம் வகுப்பில் காலண்டர் அட்டையை வெட்டிக் கிலோமீட்டர் எண்களை எழுதி ஒட்டினாயே, முள் உன் கையெழுத்து நாற்பதில் நிற்கிறது. நாப்பதுதாங்க என்றேன். அம்பத்தஞ்சு என்றார். எனக்கு எரிச்சல் வந்தது, கருவி கண்ணெதிரே இருக்கும்போது வாய்க்கணக்கை நான் என்றைக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன், கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ரோட்டோரம் எனக்குத் தெரியாது, கிலோமீட்டர் கல் வந்தா கல்லுன்னு சொல்லு, காலை மட்டும் அசைக்காத" என்றார்.

அவர் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்த காலத்தில் கடைசிப் பெட்டியில் வேகம் காட்ட ஒன்றும் கிடையாது என்று உனக்குச் சொல்லியிருப்பார். கல்லுக்குக் கல் நொடியை எண்ணி, மூவாயிரத்து அறுநூறை அதால் வகுத்தால் வேகம், அப்படித்தான் இத்தனை வருஷமும் வேலை பார்த்தார். நான் கல் என்றேன், அவர் விரல் கணுக்களில் எண்ண ஆரம்பித்தார். அடுத்த கல் வந்ததும் கல் என்றேன். "அறுபத்தஞ்சு, நீயே வகுத்துப் பாரு" என்றார். வகுத்தேன், ஐம்பத்தைந்தேதான். நம்பாமல் முள்ளை முப்பதுக்கு இறக்கினேன், அவர் காதாலேயே நாப்பது இருக்கும் என்றார், எண்ணிப் பார்த்தால் எண்பத்தெட்டு, நாற்பத்தொன்று வருகிறது. குணசீலத்துக்கு முன்னால் ஒரு வாழைத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீட்டருக்குப் போகும் கேபிள் கியர் பாக்ஸுக்குள்ளிருந்துதான் வருகிறது, உள்ளே அதைச் சுற்றும் பல்சக்கரம் வேன் டயருக்காகச் செய்தது, நம் மீட்டரில் வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும். ஊரில் உள்ள ஒவ்வொரு இரும்பையும் கேஜ் வைத்து அளந்தவள் அந்த ஒன்றை அளக்கவில்லை. மூன்று வாரமாக முப்பது என்று நினைத்துக்கொண்டு நாற்பதில் தெருவில் பறந்திருக்கிறேன், ஜனங்கள் ஒதுங்குவதைப் பார்த்து, வயசுக்கு மரியாதை தருகிறார்கள் என்று வேறு நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், யாழினி. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஊர்ல எல்லார் வேலை மேலயும் சிவப்புப் பெயின்ட் அடிச்சியே, இப்ப உன் வேலைக்கு யாரு அடிக்கிறது" என்றார். நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன், அவருக்கு அது தெரிந்திருக்கும், அவர் காதுக்குத் தப்பாது.

முசிறியில் அத்தை கோழி அடித்து வைத்திருந்தாள், வரமாட்டான் என்று தெரிந்தும் ஏன் அடித்தாய் என்று கேட்டால், திட்டினால் வருவான் என்று தெரியும் என்கிறாள். உன்னைக் கேட்டாள், எப்போது வருகிறாய் என்று என்னிடமே மூன்று தடவை கேட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா வேகம் சொல்லிக்கொண்டே வந்தார், நான் கல் சொல்லிக்கொண்டே வந்தேன். வியாழக்கிழமை நஸ்ருல்லா பாய் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு சின்னப் பல்சக்கரம், நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். "என் தப்பும்மா, நான் கவனிச்சிருக்கணும், இதை மாத்திட்டா மீட்டர் துல்லியமாக் காட்டும், அரை மணி நேர வேலை" என்றார். நாற்காலியில் இருந்த அப்பா அதைக் கேட்டுவிட்டு, நல்லது பாய், மாத்திருங்க என்றார். சொல்லிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்தேன். எட்டு மாதம் பார்த்த அதே முதுகு. பாயிடம், இருக்கட்டும் பாய், இப்ப வேண்டாம் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்தச் சக்கரத்தை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டுப் போனார். அது என் தையல் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நீ பயப்படாதே, முள் காட்டுவதோடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் சரியான வேகம், அது எனக்கு மனப்பாடம், நான் அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். அவருக்கு அது தெரிய வேண்டாம். முப்பத்தொரு வருஷத்தில் தப்பான கருவி ஒன்றைத் தெரிந்தே மேஜையில் விட்டுவைத்தவள் இல்லை நான். இந்த ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

போன ஞாயிறு லால்குடி போய் வந்தோம், அடுத்த மாதம் பச்சைமலை ஏறலாமா என்று அவரே கேட்கிறார், மலைக்கு எந்தக் கியர் என்று இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. டீக்கடைக்கும் போகிறார், நான் கொண்டுபோய் விடுகிறேன், எங்க டிரைவர் என்று என்னை அறிமுகப்படுத்துகிறாராம். கோயம்புத்தூர்க்காரரிடம் நானே பேசி, வண்டி இனி ஒரிஜினல் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன், அவர் ரொம்ப வருத்தப்பட்டார், எனக்காக இல்லை, வண்டிக்காக. நீயும் கொஞ்சம் வருத்தப்படுவாய், பட்டுக்கொள், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடு இருக்க அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே, கண் டாக்டரை மறக்காதே. தை மாதம் நீ வரும்போது ஏர்போர்ட்டுக்கு நாங்கள்தான் வருவோம், டாக்ஸி சொல்லிவிடாதே. ஒன்றே ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். உன் போன் வண்டியின் வேகத்தை அப்படியே காட்டுமாமே, லூர்துராணி சொன்னாள். அதை எங்கள் வண்டியில் எடுக்காதே. நீ பின் சீட்டில் உட்கார்ந்து ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே வா. கல் வந்தால் கல் என்று சொல். அப்பா எண்ணிக்கொள்வார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
வீ. ஆனந்தவள்ளி